மலைத்தோட்டத்துக் காற்பந்துக் கழகம்

(ஆலயத் திருவிழாவையொட்டி நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

ஆலய மேடையில் காற்பந்தைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். குறிஞ்சி நிலத்திற்குச் சேயோனாகிய முருகப் பெருமானைத் தெய்வமாகக் கூறுகிறது தொல்காப்பியம். இளமைக்கும் அழகுக்கும் வீரத்திற்கும் உரிய அத்தெய்வத்தின் திருவிழா நாளில், மலைநாட்டு இளைஞர்களின் உடலையும் ஒழுக்கத்தையும் வளர்த்த ஒரு விளையாட்டினை நினைவுகூர்வது பொருத்தமே ஆகும். மேலும் தோட்டங்களில் ஆலயமும் விளையாட்டுத் திடலும் என்றும் அண்டை வீட்டாராகவே இருந்து வந்துள்ளன. திருவிழாவிற்குத் தோரணம் கட்டிய கைகளே மறுநாள் கோல் கம்பங்களையும் நட்டன.

சிற்றூர்க் காற்பந்துக் கழகம் ஒன்று எவ்வாறு பிறக்கிறது, எதனால் நலிகிறது, எதனால் நிலைபெறுகிறது என்னும் மூன்று வினாக்களே இவ்வுரையின் பொருளாகும்.

சமநிலம் என்னும் செல்வம்

தானா ராத்தா என்னும் பெயரின் பொருளை இங்குள்ள சிறுவர்களும் அறிவர். மலாய் மொழியில் 'தானா' என்பது நிலம். 'ராத்தா' என்பது சமமானது. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில், எத்திசை நோக்கினும் சரிவே தோன்றும் இடத்தில், சிறிதளவு சமநிலம் கிடைத்ததே ஓர் ஊருக்குப் பெயராக அமைந்துவிட்டது. மலைவாழ் மக்களுக்குச் சமநிலம் எத்துணை அரிய பொருள் என்பதற்கு இப்பெயரே போதிய சான்றாகும்.

1885ஆம் ஆண்டு வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப் பகுதியைக் கண்டு குறிப்பெழுதினார். தாப்பாவிலிருந்து வாகனச் சாலை மேலேறி வந்தது 1930களின் தொடக்கத்தில்தான். 1929இல் போ தேயிலைத் தோட்டமும், 1933இல் பாரத் தேயிலைத் தோட்டமும் தோன்றின. காட்டை அழித்துக் கன்று நட்டவர்களுள் பெரும்பகுதியினர் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள். ஒரு தோட்டம் அமைந்தால் அதனுடன் தொழிற்சாலை, அலுவலகம், லயன் வீடுகள், தமிழ்ப்பள்ளி, ஆலயம் ஆகியவையும் அமைவது மலாயாவின் வழக்கம். அவற்றோடு எங்கேனும் ஒரு மூலையில் ஒரு திடலும் இருக்கும்.

அத்திடலின் பெறுமானத்தை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். காற்பந்து விதிகளின்படி முறையான ஆடுகளம் குறைந்தது 90 மீட்டர் நீளமும் 45 மீட்டர் அகலமும் உடையதாக இருத்தல் வேண்டும். இரண்டையும் பெருக்கினால் 4,050 சதுர மீட்டர். அஃதாவது, ஏறத்தாழ ஒரே ஓர் ஏக்கர். கீழ்நாட்டு ரப்பர்த் தோட்டத்தில் ஓர் ஏக்கர் சமநிலம் பெரிய செய்தியன்று. மலைத்தோட்டத்திலோ அந்த ஓர் ஏக்கருக்குப் போட்டியிடுவோர் பலர். தொழிற்சாலைக்கும் அது வேண்டும், வாகனங்கள் நிற்பதற்கும் வேண்டும், காய்கறிப் பயிருக்கும் வேண்டும், தங்குவிடுதிகளுக்கும் வேண்டும். இத்தனைக்கும் இடையில் ஒரு தோட்டம் தன் சமநிலத்தை விளையாட்டிற்கென விட்டு வைத்திருந்தது என்றால், அதற்குப் பின்னால் மக்களின் இடைவிடாத வேண்டுகோளும் நிர்வாகத்தின் இசைவும் இருந்தன என்பது பொருள்.

கழகம் பிறந்த விதம்

காற்பந்து இங்கிலாந்தில் விதிமுறை பெற்ற விளையாட்டு. உலகின் மிகப் பழைய காற்பந்துக் கழகமாகக் கருதப்படும் ஷெஃபீல்டு கழகம் 1857இல் தோன்றியது. 1863இல் லண்டனில் காற்பந்துச் சங்கம் அமைந்து பொது விதிகளை வகுத்தது. பிரிட்டிஷ் தோட்டத் துரைமார்களும் படைவீரர்களும் ரயில்வே அதிகாரிகளும் அவ்விளையாட்டைத் தாங்கள் சென்ற நாடுகளுக்கெல்லாம் எடுத்துச் சென்றனர். 1921இல் எச்.எம்.எஸ். மலாயா என்னும் போர்க்கப்பலின் குழுவினர் அளித்த கோப்பையே மலாயாக் கிண்ணமாகிப் பின்னர் மலேசியக் கிண்ணம் எனப் பெயர் பெற்றது.

துரைமார்கள் ரக்பியும் டென்னிசும் கோல்ஃபும் கூட ஆடினர். ஆனால் அவை தொழிலாளர் குடியிருப்பிற்குள் நுழையவில்லை, காற்பந்து நுழைந்தது. காரணம் எளிது. ஒரு பந்து இருந்தால் 22 பேர் ஆடலாம். காலணி இல்லாமலும் ஆடலாம். மட்டையோ வலையோ தேவையில்லை. இருட்டும் வரை ஆடலாம். அதிகாலைப் பெரட்டுக்கு எழுந்து, கொழுந்தும் உரமும் சுமந்து, மாலையில் திரும்பும் இளைஞனுக்குக் கையில் காசின்றிக் கிடைத்த ஒரே மகிழ்ச்சி அது. பெருந்தோட்டங்களில் கள்ளுக்கடை கைக்கெட்டிய தூரத்தில் இருந்த அந்நாளில், மாலை வேளையில் இளைஞனைத் தன்பால் ஈர்த்து வைத்துக்கொண்ட திடல் செய்த நன்மையைத் தாய்மார்களே நன்கறிவர்.

தோட்டத்துக் கழகம் தொடங்குவதற்கு எந்தத் திறப்பு விழாவும் நிகழ்வதில்லை. முதலில் பிள்ளைகள் ஆடுவர். பிறகு பக்கத்துத் தோட்டத்தாரோடு ஒரு போட்டி நிகழும். போட்டிக்கு ஒரே நிறச் சட்டை வேண்டும். சட்டைக்குப் பணம் வேண்டும். பணம் திரட்ட ஒருவர் வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியோ, தமிழ்ப்பள்ளி ஆசிரியரோ செயலாளர் ஆவார். சம்பள நாளில் ஒவ்வொருவரும் ஓரிரு வெள்ளி தருவர். தோட்ட லாரி கிடைத்தால் அயலூர் சென்று ஆடுவர். லாரியின் பின்புறம் ஆட்டக்காரர்களோடு ஆதரவாளர்களும் ஏறிக்கொள்வர். வென்றால் வரும் வழியெல்லாம் பாட்டு, தோற்றால் நடுவரைப் பற்றிய பேச்சு! தீபாவளி, பொங்கல், தொழிலாளர் தினம், ஆலயத் திருவிழா ஆகிய நாள்களையொட்டி எழுவர் காற்பந்துப் போட்டிகள் நடைபெறும். இவ்வாறுதான் பெரும்பாலான தோட்டங்களில் கழகம் பிறந்தது.

இத்தகைய சிறு திடல்களும் பள்ளித் திடல்களும் சேர்ந்தே நாட்டின் காற்பந்தை வளர்த்தன. 1972ஆம் ஆண்டு மூனிக் ஒலிம்பிக்கில் மலேசியா அமெரிக்காவை 3-0 என வென்றபோது, எம். சந்திரன் அந்த ஒலிம்பிக் அணியில் இடம்பெற்றிருந்தார். நீண்ட கைகளால் பந்தைத் தடுத்து 'ஸ்பைடர்மேன்' எனப் புகழ்பெற்ற கோல் காவலர் ஆர். ஆறுமுகம், 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற அணியின் தூணாக விளங்கினார். மலேசியா அப்போட்டியைப் புறக்கணித்ததால் அவ்வாய்ப்பு கைநழுவிற்று. 1988இல் சாலை விபத்தில் அவர் மறைந்தபோது நாடே துயருற்றது. கே. ராஜகோபாலின் பயிற்சியில் மலேசியா 2010 டிசம்பரில் தென்கிழக்காசிய நாடுகளின் சுசூகிக் கிண்ணத்தை முதன்முறையாக வென்றது. இப்பெயர்கள் ஏடுகளில் உள்ளன. ஆனால் இவர்களைப் போன்றோர் சிறுவர்களாய் இருந்தபோது திடலில் புல் வெட்டியவர், பந்துக்குக் காற்று அடைத்தவர், மழையில் நின்று கொடி பிடித்தவர் ஆகியோரின் பெயர்கள் எங்கும் இல்லை.

கழகம் நலிந்த விதம்

தோட்டக் கழகங்கள் நலிந்ததற்கு ஆட்டத்தின்மேல் ஆர்வம் குன்றியதே காரணம் என்பர் சிலர். அது முழு உண்மையன்று. தொலைக்காட்சியில் இங்கிலாந்துக் கழகங்களின் ஆட்டத்தை நள்ளிரவு வரை விழித்திருந்து காணும் இளைஞர்களுக்கு ஆர்வக் குறைவு என்று எவரும் கூற இயலாது. காரணங்கள் வேறு.

முதலாவது, வேலை. 1970களுக்குப் பின்னர் நாட்டில் தொழிற்சாலைகள் பெருகின. படித்த பிள்ளைகள் ஈப்போவிற்கும் கோலாலம்பூருக்கும் அதற்கு அப்பாலும் சென்றனர். அது வரவேற்கத்தக்க முன்னேற்றமே. எனினும் 18 வயதில் ஊரை விட்டுச் செல்லும் இளைஞன், கழகத்திற்குக் கிடைக்க வேண்டிய அடுத்த பத்தாண்டுகளையும் தன்னோடு எடுத்துச் செல்கிறான். தோட்டங்களின் கொழுந்து பறிக்கும் பணிக்கு வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தனர். லயன்களில் ஆள்கள் இருந்தும் பழைய அணி இல்லாமற்போயிற்று.

இரண்டாவது, நிலம். கீழ்நாட்டில் பல ரப்பர்த் தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோது லயன்களோடு திடல்களும் மறைந்தன. தேயிலைத் தோட்டங்கள் இம்மலையில் நிலைத்திருப்பினும், சமநிலத்திற்கு உரிய நெருக்கடி இங்கு என்றும் உண்டு.

மூன்றாவது காரணம் பலர் எண்ணிப் பாராதது. பெரும்பாலான கழகங்கள் ஒரே மனிதரின் தோளில் நின்றன. அவரே செயலாளர், அவரே பொருளாளர், அவரே பயிற்றுநர். கணக்கேடும் சட்டைகளும் கோப்பைகளும் அவர் வீட்டு அலமாரியில் இருந்தன. அவர் ஓய்வு பெற்று ஊர் மாறியபோது கழகமும் அவருடனேயே ஊர் மாறிற்று. அவரைக் குறை கூறுதல் தகாது. பத்துப் பேர் சுமக்க வேண்டியதை ஒருவர் சுமந்தார் என்பதே அங்கு நிகழ்ந்த பிழை.

மூன்று கழகங்களின் பாடம்

இக்கருத்தை விளக்க வெவ்வேறு இடங்களிலிருந்து மூன்று சான்றுகளைக் காணலாம்.

முதலாவது சான்று மலேசியாவிலேயே உள்ளது. இந்திய சமுதாயத்தின் விளையாட்டு அமைப்புகளிலிருந்து எழுந்த மிஸ்க்-மிஃபா கழகம் 2017இல் நாட்டின் பிரீமியர் லீக்கில் ஆடியது. 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்னும் பெயருடன் உச்ச நிலையான சூப்பர் லீக்கில் இடம்பெற்றது. 2021இல் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவரும் இன்றி உள்நாட்டவரை மட்டுமே கொண்டு, பி. மணியத்தின் பயிற்சியில் களமிறங்கி அனைவரின் கவனத்தையும் ஈர்த்தது. ஆயினும் 2022ஆம் ஆண்டுப் பருவத்துடன் அக்கழகம் லீக்கிலிருந்து விலகிற்று. அதன் உழைப்பு பாராட்டுக்குரியது. எனினும் ஓர் உச்ச நிலைக் கழகத்தின் ஆண்டுச் செலவைத் தாங்க ஒரு புரவலர் வேண்டும். புரவலர் விலகும் நாளில் கழகமும் முடிவுறும் என்பதை அதன் வரலாறு உணர்த்துகிறது.

இரண்டாவது சான்று ஜெர்மனியின் ஹோஃபன்ஹைம் என்னும் சிற்றூர். மூவாயிரத்துச் சொச்சம் மக்களே வாழும் அவ்வூரில் 1899இல் உடற்பயிற்சிக் கழகம் ஒன்று தோன்றியது. இளமையில் அக்கழகத்தில் ஆடிய டீட்மர் ஹோப் என்பவர் பிற்காலத்தில் கணினி மென்பொருள் துறையில் பெருஞ்செல்வரானார். அவர் அளித்த பேராதரவால் கீழ்நிலை லீக்குகளில் இருந்த அக்கழகம் படிப்படியாக உயர்ந்து 2008இல் நாட்டின் முதல்நிலை லீக்கை எட்டியது. சிற்றூர்க் கழகம் எத்துணை உயரம் செல்ல இயலும் என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு அரிது. ஆயின் 2009இல் முப்பதாயிரம் பேர் அமரும் புதிய அரங்கம் எழுந்தபோது, அது அச்சிற்றூரில் எழவில்லை. அருகிலுள்ள சின்ஸ்ஹைம் நகரில் எழுந்தது. கழகத்தின் பெயர் ஊரின் பெயராகவே உள்ளது; முதல்நிலை ஆட்டமோ ஊரை விட்டுப் போயிற்று.

மூன்றாவது சான்று, இம்மலையைப் போன்றே தேயிலையும் குளிரும் தமிழ்த் தொழிலாளரும் நிறைந்த மூணாறு. கேரள மாநிலத்து இடுக்கி மாவட்டத்தின் கண்ணன் தேவன் மலைகளில் பிரிட்டிஷ் பின்லே நிறுவனத்தின் தோட்டங்கள் இருந்தன. அத்தோட்டங்களுக்கு இடையில் 1940களில் வேர்விட்டது பின்லே கேடயக் காற்பந்துப் போட்டி. ஒவ்வொரு தோட்டமும் தன் அணியை அனுப்பும். கொழுந்து சுமந்த இளைஞர்களும் தொழிற்சாலையில் இலை வாட்டியவர்களும் அந்த அணிகளில் ஆடினர். பின்னர்த் தோட்டங்கள் டாட்டா நிறுவனத்தின் கைக்கு மாறின. 2005இல் தொழிலாளர்களே பங்குதாரர்களாக அமைந்த கண்ணன் தேவன் மலைத்தோட்ட நிறுவனம் அவற்றை ஏற்றுக்கொண்டது. துரைமார் போயினர், நிறுவனத்தின் பெயர் மாறிற்று, உரிமை மாறிற்று. எனினும் பழைய பெயரிலேயே அப்போட்டி தலைமுறை கடந்து தொடர்ந்து வந்துள்ளது. மூணாற்று அணிகளில் உலகப் புகழ்பெற்றவர் ஒருவரும் இல்லை. பெருஞ்செல்வர் ஒருவரும் அவற்றை வாங்கவில்லை. அப்படியிருந்தும் அப்போட்டி நிலைத்தது எவ்வாறு?

உபயம் கற்பிக்கும் முறை

அதற்கான விடை வேறெங்கும் இல்லை. இந்த ஆலயத் திருவிழாவிலேயே உள்ளது.

ஆலயத் திருவிழா ஆண்டுதோறும் நடைபெறுகிறது. 'இவ்வாண்டு திருவிழா உண்டா?' என்று எவரும் கேட்பதில்லை; 'எந்த நாளில்?' என்று மட்டுமே கேட்கின்றனர். அதன் செலவு ஒருவர் தலையில் விழுவதில்லை. முதல் நாள் உபயம் ஒரு குடும்பத்திற்கு; இரண்டாம் நாள் உபயம் ஒரு தோட்டத்திற்கு; மூன்றாம் நாள் வணிகர்களுக்கு. அன்னதானத்திற்கு அரிசி தருபவர் ஒருவர், காய்கறி தருபவர் ஒருவர், அடுப்படியில் நிற்பவர் பலர். உபயக்காரர் காலமானால் அவர்தம் மக்கள் அவ்வுபயத்தைத் தொடர்கின்றனர். வெளியூர் சென்ற பிள்ளைகளும் அந்நாளில் ஊர் திரும்புகின்றனர். கணக்கு பொதுக்கூட்டத்தில் படிக்கப்படுகிறது. தலைவர்கள் மாறினாலும் திருவிழா மாறுவதில்லை.

மூணாற்றுப் போட்டி நிலைத்ததும் இதே முறையால்தான் எனலாம். ஒவ்வோர் ஆண்டும் வரும் என்னும் உறுதியும், ஒவ்வொரு தோட்டத்திற்கும் அதில் பங்கு உண்டு என்னும் உரிமையும் அதனைக் காத்தன. குமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டாரக் கடற்கரை ஊர்களிலும் இவ்வழக்கத்தைக் காணலாம். அங்குள்ள மீனவ ஊர்களில் வழிபாட்டுத் தலமும் திடலும் இளைஞர் கழகமும் ஊர் வாழ்வில் இணைந்தே நிற்கின்றன. அத்தகைய ஊர்களுள் ஒன்றாகிய இரவிபுத்தன்துறையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் 2019இல் இந்திய அணிக்காக ஆடினார். அவ்வூரார் அவரை உருவாக்குவதற்காகக் கழகம் நடத்தவில்லை. கழகம் இடைவிடாது நடந்ததால் அவர் தோன்றினார்.

ஆகவே இம்மலைத் தோட்டங்களின் காற்பந்து மீண்டும் தளிர்க்க வேண்டுமானால், ஒரு பெரும் புரவலரைத் தேடி அலைதல் வேண்டா. பந்துகளை ஒரு குடும்பம் ஏற்கட்டும். சட்டைகளை ஒரு கடைக்காரர் ஏற்கட்டும். மாதம் ஒருமுறை புல் வெட்டுவதை ஒரு லயத்தார் ஏற்கட்டும். அயலூர்ப் பயணத்தை வேன் உரிமையாளர் ஒருவர் ஏற்கட்டும். திருவிழாவையொட்டி ஆண்டுதோறும் ஒரே வாரத்தில் ஒரு போட்டி நடைபெறட்டும். நான்கே அணிகள் வந்தாலும் நடைபெறட்டும். வெளிநாட்டுத் தொழிலாளர்களும் ஓர் அணியாக வந்தால் அவர்களையும் வரவேற்றல் வேண்டும். இத்தோட்டத் தமிழர்களின் முன்னோரும் ஒரு நாளில் கடல் கடந்து வந்த கூலியாள்களே அல்லரோ!

ஏழு பேரும் ஓர் ஏடும்

அடுத்து, பலரும் சலிப்புடன் ஒதுக்கும் ஒரு செய்தி. அதுவே பல கழகங்களின் உயிரைக் காத்தும் போக்கியும் வந்துள்ளது.

காற்பந்து விதிகளின்படி ஓர் அணியில் ஏழு பேருக்குக் குறைவாக இருப்பின் ஆட்டத்தைத் தொடங்கவும் கூடாது, தொடரவும் கூடாது. மலேசியாவின் 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டமும் ஏழு அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்த அமைப்பையே சங்கம் எனக் குறிக்கிறது. திடலிலும் சட்டத்திலும் தேவைப்படும் எண் ஒன்றாகவே அமைந்தது சுவையான ஒற்றுமை. ஏழு பேர் இருந்தால் ஆட்டம் உண்டு. ஏழு பேர் இருந்தால் சங்கமும் உண்டு.

1997ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்ட பின்னர், விளையாட்டு அமைப்புகள் விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிவு பெறுதல் முறையாயிற்று. பதிவுக்கு அமைப்பு விதிகள் வேண்டும். பொறுப்பாளர் பட்டியல் வேண்டும். பதிவு பெற்ற பின் ஆண்டுப் பொதுக்கூட்டம், கூட்டக் குறிப்பு, வரவு செலவுக் கணக்கு ஆகியவற்றை ஒழுங்காகப் பேணுதல் வேண்டும். 'பந்து உதைப்பதற்கு இத்தனை தாள்களா?' என இளைஞர் கேட்பது இயல்பே. ஆனால் தாளில் இல்லாத கழகம் அரசாங்க மானியம் கேட்க இயலாது. வங்கியில் தன் பெயரில் கணக்குத் திறக்க இயலாது. மாவட்ட லீக்கில் இடம் கேட்பதும் கடினம். எல்லாவற்றுக்கும் மேலாக, திடலைப் பற்றி ஒரு முடிவு எடுக்கப்படும் நாளில் அக்கழகம் பேசுவதற்கு உரிமையுள்ள ஒரு தரப்பாகவே கருதப்படாது.

திடல் எவருடைய நிலத்தில் உள்ளது என்பதையும் அறிந்திருத்தல் நன்று. தோட்டத்திற்குள் உள்ள திடல் பெரும்பாலும் தோட்ட நிறுவனத்தின் உரிமை நிலமாகும். அங்கு மக்கள் ஆடுவது நிர்வாகத்தின் இசைவினால். அவ்விசைவு எழுத்தில் இருந்தால் நிர்வாகி மாறினாலும் அது நிலைக்க வாய்ப்புண்டு. அரசாங்க நிலத்திலுள்ள திடல் வேறு. தேசிய நிலச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்படி, மாநில அரசாங்கம் பொதுத் தேவைக்காக நிலத்தை ஒதுக்கி அரசிதழில் அறிவிக்கலாம். அவ்வாறு அறிவிக்கப்பட்ட திடலுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. தம் ஊர்த் திடல் இவற்றுள் எவ்வகையைச் சேர்ந்தது என்று நில அலுவலகத்தில் கேட்டறிவதற்குப் பெருஞ்செலவு ஆவதில்லை. திடல் இருக்கும்போது கேட்பதே அறிவுடைமை. மண்வாரி இயந்திரம் வந்து நின்ற பின் கேட்பதால் பயன் சிறிதே.

பெண் பிள்ளைகளும் திடலும்

தோட்டத்துக் காற்பந்து வரலாறு இதுவரை ஆண்களின் வரலாறாகவே இருந்துள்ளது. கொழுந்து பறித்த தாய்மார்கள் திடலோரத்தில் நின்றனர். சேறு படிந்த சட்டைகளைக் குளிர்ந்த நீரில் துவைத்தனர். ஆட்டத்தில் மட்டும் இடம்பெறவில்லை. இது தமிழ் மரபு என்று எவரேனும் கூறினால் அது பிழை. பந்தும் கழங்கும் சங்க நூல்களில் பெரிதும் மகளிர் ஆட்டங்களாகவே பேசப்படுகின்றன. இன்றும் மதுரையின் சேது மகளிர் காற்பந்துக் கழகம் 2019இல் இந்திய மகளிர் லீக்கின் வெற்றியாளராகத் திகழ்ந்தது. அக்கழகத்திற்காக ஆடிய கடலூர் இந்துமதி கதிரேசன் இந்திய அணியிலும் இடம்பெற்றார். காவல் துறையிலும் பணியாற்றினார். தமிழ்ப்பள்ளியில் பயிலும் பெண் பிள்ளைகளுக்கும் அத்திடலின் கதவு திறக்கப்படுமானால், ஆட்டக்காரர்களின் தொகை ஒரே நாளில் இரு மடங்காகும். ஆள் இல்லை என்று வருந்தும் கழகத்திற்கு இதனினும் எளிய வழி உண்டோ?

வரலாற்றை எழுதுதல்

இறுதியாக ஒரு வேண்டுகோள். இம்மலைத் தோட்டங்களில் ஆடிய அணிகளின் முழு வரலாறு இன்னும் ஒரு நூலாகத் தொகுக்கப்பட வேண்டிய நிலையிலேயே உள்ளது. அதற்குரிய சான்றுகள் அலுவலகக் கோப்புகளில் இல்லை, வீடுகளில் உள்ளன. சுவரில் மாட்டிய பழைய குழுப் படங்களில் உள்ளன. நிறம் மங்கிய கோப்பைகளின் அடியில் பொறித்த ஆண்டுகளில் உள்ளன. சந்தாப் பணம் குறித்த பள்ளிப் பயிற்சிப் புத்தகங்களில் உள்ளன. பெரியவர்களின் நினைவில் உள்ளன. அவற்றுள் நினைவே முதலில் மறைவது.

அதற்கான வழி எளிது. ஒவ்வொரு தோட்டத்திலும் மாணவர் இருவர் ஒரு குறிப்பேட்டுடன் பெரியவர்களிடம் செல்லலாம். படத்தில் நிற்பவர் யார், அமர்ந்திருப்பவர் யார், ஆண்டு எது, எதிரணி எது, சட்டையின் நிறம் என்ன என்று கேட்டு எழுதலாம். கைத்தொலைபேசியால் படங்களைப் பதிவு செய்யலாம். ஆட்டக்காரர்களின் பெயரோடு நிற்காமல் புல் வெட்டியவர், லாரி ஓட்டியவர், காயத்திற்கு மருந்திட்ட தோட்ட மருத்துவ உதவியாளர், தேநீர் கொண்டு வந்த தாய்மார் ஆகியோரின் பெயர்களையும் எழுதுதல் வேண்டும். அவ்வாறு திரட்டியதை ஆண்டுதோறும் சிறிது சிறிதாக இத்தகைய சிறப்பு மலரில் வெளியிட்டு வந்தால், ஒரு பத்தாண்டில் ஒரு நல்ல நூல் உருவாகிவிடும். ஒரு திடல் மக்களுக்கு எத்தனை ஆண்டுகளாகப் பயன்பட்டு வந்தது என்பதற்கு அந்நூலே சான்றாகவும் நிற்கும்.

ஆலயத்தின் கருங்கல்லில் உபயதாரர் பெயர்களைப் பொறிக்கிறோம். அவர்கள் தந்ததை வருங்காலம் அறிய வேண்டும் என்பதே அதன் நோக்கம். திடலுக்குத் தந்தவர்களுக்குக் கல் இல்லை. அவர்களுக்கு ஓர் ஏடேனும் அமைய வேண்டும். சமநிலம் அரிதான மலையில், பிள்ளைகளுக்கென்று ஓர் ஏக்கர் நிலத்தைக் காத்துத் தந்தவர்கள் அவர்கள். அந்த ஓர் ஏக்கரை அடுத்த தலைமுறைக்குக் குறைவின்றி ஒப்படைப்பது இன்றுள்ளோர் கடமை.

திருவிழா சிறக்க உழைத்த அனைவருக்கும் பாராட்டு. எல்லாம் வல்ல இறைவன் திருவருளால் மலைநாட்டு மக்கள் நோயின்றி, ஒற்றுமையுடன் வாழ்க! இளைஞர் கழகங்கள் வளர்க!